விட்டுக்கொடுக்காத நிர்மலா அக்கா

செய்தி வந்தபோது நான் ஒஸ்லோவின் அல்னாவில் பொதிகள் பிரிக்கும் இடத்தில் வேலையில் நின்றேன். காலை ஒன்பதரை இருக்கும். வேலை நேரத்தில் கைப்பேசியை எடுக்கக் கூடாது. ஆனால் நிர்மலா அக்காவின் மகள் அபிராமியின் பெயர் மூன்றாவது தடவையும் திரையில் வந்தபோது கையுறையைக் கழற்றிவிட்டு ஓரமாகப் போனேன். "மாமா, அம்மா எழும்பேல்லை" என்றாள். எனக்கு உடனே பிடிபடவில்லை. பிந்தி எழும்புகிற ஆளில்லையே நிர்மலா அக்கா என்றுதான் முதலில் நினைத்தேன். ஒஸ்லோவில் பேருந்து ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து விடிவதற்கு முன்பே எழும்பிப் பழகியவர். பிறகு மறுமுனையில் அபிராமி அழுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் விளங்கியது. நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அவருக்கு அறுபத்தொரு வயது.

செத்தவீடு முடிந்து ஐந்தாம் நாள் அபிராமி குரோருட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள், அதற்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டும் என்று கேட்டாள். "மற்ற ஆக்கள் எல்லாரும் கோயிலையும் அம்மான்ர சமையலையும்தான் எழுதப் போகினம். நீங்கள் போக்கரைப் பற்றி எழுதுங்கோ" என்றாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். காட்ஸ் விளையாட்டைப் பற்றி நினைவு மலரில் எழுதுவதா என்கிற பார்வை அது. நான் ஓம் என்றேன். அபிராமி கேட்டதற்காக மட்டும் அல்ல. நிர்மலா அக்காவின் பெயரில் ஓர் அழுக்கு இருந்தது. அதை ஒட்டியவன் நான். அவர் உயிரோடு இருந்தபோது அதைத் துடைக்க எனக்கு நாலு வருடங்கள் கிடைத்தன. துடைக்கவில்லை. இந்த மலரைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் அது தெரிய வேண்டும். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அவர் யார் என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் முதலில் சந்தித்தது நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில், ஒரு மீன் தொழிற்சாலையில். அகதியாக வந்தவர்களுக்கு அங்கேதான் வேலை இருந்தது. நிர்மலா அக்கா வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, ஏழு நாளும் சைவம். வாழ்நாளில் மீன் தொட்டவரல்ல. அவர் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் கொட் மீனின் முள் எடுத்தார். "மீன் வெட்டுற சைவக்காரி" என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். மாலையில் மூன்று தரம் தோய்ந்துவிட்டுத்தான் சமைப்பார்.

அங்கே குளிர்காலத்தில் சூரியனே வராது. வேலை முடிந்தால் முன்னூற்றி நாலு விளையாடுவதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நாலு பேர் இரண்டு சோடியாகப் பிரிந்து விளையாடுகிற காட்ஸ் அது. எங்கள் நாலில் ஒருவன் ஒஸ்லோவுக்கு ஓடிவிட, செல்வண்ணை தன் மனைவி நிர்மலா அக்காவைக் கூட்டி வந்து எனக்குச் சோடியாக இருத்தினார். பெண் ஒருத்தி காட்ஸ் மேசையில் இருப்பதா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஒரு மாதத்தில் முணுமுணுப்பு நின்றது. போன சீட்டுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். நான் பாதியை மறந்துவிடுவேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முன்னூற்றி நாலில் கள்ளச் சைகை இல்லாத சோடி கிடையாது. எல்லோரும் செய்தார்கள், எல்லோருக்கும் அது தெரியும், பிடிபட்டால் சிரிப்பு. எங்கள் சைகை வலது காதைத் தொடுவது. நான் காதைத் தொட்டால், இதை எனக்கு விடு, நீ உன் பெரிய சீட்டைப் போடாதே என்று அர்த்தம். அந்த ஒரு சைகையை வைத்து அந்தக் குளிர்காலம் முழுக்க வென்றோம்.

பிறகு எல்லோரும் ஒவ்வொருவராக ஒஸ்லோவுக்கு இறங்கினோம். நான் பொதி பிரிக்கப் போனேன். நிர்மலா அக்கா துப்புரவு வேலை, முதியோர் இல்லம் என்று அலைந்து, கடைசியில் பேருந்து ஓட்டப் படித்தார். அபிராமி இங்கே பிறந்தாள். அவளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றிலிருந்து அக்கா அங்கே விளையாட்டுப் போட்டி நாளில் சிற்றுண்டிக் கடை நடத்தினார். மகள் படித்து முடித்து வெளியேறிய பிறகும் நடத்தினார். அவருடைய உழுந்து வடைக்காகவே பிள்ளை இல்லாதவர்களும் அந்தப் போட்டிக்கு வருவார்கள். செல்வண்ணை நோய்வாய்ப்பட்டுக் காலமானபோதுதான் ஒரு வருடம் கடை இல்லை.

அதற்கு அடுத்த வருடம்தான் போக்கர் வந்தது. எங்கள் குடியிருப்பின் பொது மண்டபத்தில் மாதத்தில் முதல் ஞாயிறு மத்தியானம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். நடத்துகிறவர் ஆர்ண என்கிற நோர்வேக்காரர், ஓய்வுபெற்ற தச்சர். தமிழர்கள் என்று நானும் என் சிநேகிதன் நேசனும் இன்னும் இரண்டு பேரும். இதைச் சூது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காசு மேசைக்கு வருவதில்லை. கோப்பிக்கும் வாஃபல் பணியாரத்துக்கும் ஆளுக்கொரு சிறுதொகை போடுவோம், அவ்வளவுதான். வென்றவருக்கு ஆர்ண உப்பிட்டுக் காயவைத்த ஓர் ஆட்டுத் தொடை கொடுப்பார். செல்வண்ணை போன பிறகு வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாவே என்று என் மனைவிதான் அக்காவை அங்கே அனுப்பி வைத்தாள்.

விதி எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு; நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விழுகிற சீட்டுகளோடு சேர்த்துப் பெரிய கை உள்ளவர் வெல்வார், மோத விரும்பாதவர் ஒதுங்கலாம். எல்லோருக்கும் ஒரே அளவு சிப், அதாவது ஆளுக்கு நாற்பது பிளாஸ்டிக் வட்டக் காய்கள். முடிந்தால் எழும்பிப் போக வேண்டியதுதான், மேலும் வாங்க முடியாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகச் சிப் வைக்க வேண்டும். அந்தக் கட்டாயம் மேசையைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கூடும். சும்மா இருந்தாலும் உங்கள் சிப் கரையும். கடைசி வரை சிப் வைத்திருக்கிறவர் வென்றவர்.

முதல் நாள் அக்கா அரை மணித்தியாலத்தில் வெளியே வந்துவிட்டார். காரணம் எங்களுக்கு மட்டும் விளங்கும். முன்னூற்றி நாலில் எல்லாச் சீட்டுக்கும் மேலே ஜாக், அதற்கு அடுத்தது ஒன்பது. ஆசும் ராசாவும் அதற்குப் பிறகுதான். இந்தப் பழக்கம் எங்கள் இரத்தத்தில் ஊறியது. ஜாக்கும் ஒன்பதும் கையில் வந்தால் தமிழனுக்கு நெஞ்சு படபடக்கும். போக்கரில் அது வெறும் நடுத்தரக் கை. எங்கள் நாலு பேரையும் அந்தக் கைதான் மாறி மாறிக் கவிழ்த்தது, ஆர்ண அதற்குத் 'தமிழ்க் கை' என்றே பெயர் வைத்திருந்தார். நிர்மலா அக்காவும் தன் நாற்பது சிப்பையும் ஜாக் ஒன்பதில் கொட்டிவிட்டு எழும்பினார். நான் ஆறுதல் சொல்லப் போனேன். அவருடைய முகத்தில் கவலையே இல்லை.

"இதில பாட்னர் இல்லை எண்டது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். "பிழைச்சாலும் என்ர பிழை."

அதன் பிறகு அவர் சிப் சேர்த்த விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தது என் பாக்கியம். நான் விளையாடினால் ஒன்றில் மலை, இல்லாவிட்டால் வெறுமை. அக்காவிடம் அந்தக் கூத்தெல்லாம் இல்லை. முதல் ஒரு மணித்தியாலம் அவர் விளையாடுகிறார் என்றே தெரியாது. சீட்டைப் பார்ப்பார், கீழே வைத்துவிட்டு ஒதுங்குவார். ஆனால் கண் ஓயாது. பேருந்து ஓட்டுகிறவரின் கண் அது, கண்ணாடியில் பின்னால் நிற்கிறவனையும் பார்க்கும். கட்டாயமாக வைத்த சிப்பை யார் பறிகொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான், யார் ரோசத்தில் சண்டைக்கு வருகிறான் என்று ஒவ்வொருவரையும் படித்துவிடுவார். கட்டாயத் தொகை பெருக்கத் தொடங்கியதும் வேலையைத் தொடங்குவார். பயந்தவன் சிப் வைக்கிற முறை வந்தால் இவர் மெதுவாக மூன்று நாலு சிப்பை முன்னுக்குத் தள்ளுவார். கையில் ஒன்றுமே இருக்காது. பயந்தவன் ஒதுங்குவான். இரண்டு சிப், மூன்று சிப் என்று அப்படியே சேரும். பெரிய சண்டை ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் வாஃபல் முடிகிற நேரத்தில் பார்த்தால் மேசையில் அதிக சிப் அவரிடம் இருக்கும்.

தன்னிடம் எத்தனை சிப் இருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "இன்னும் ஆறு சுத்துக்கு இருக்கலாம்" என்பார். ஆறு என்றால் பொறுமை. மூன்று என்றால் உடனே எங்கேயாவது மோத வேண்டும். ஒன்றுக்கு வந்த பிறகு மோதுகிறவனைப் பார்த்து யாரும் ஒதுங்க மாட்டார்கள் என்பார். நாங்கள் ஆசை தீரும் வரை காத்திருந்து ஒன்றில் மோதுகிற ஆட்கள். அவர் மூன்றில் மோதினார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அந்த வித்தியாசத்தால் என்னை விட இரண்டு மடங்கு தரம் வென்றார்.

இன்னொன்று. சிப்புகளை இருபது இருபதாக அடுக்கி, மதிப்புக் கூடிய பெரிய காய்களை முன்வரிசையில் வைப்பார். மற்றவர்கள் சாய்ந்து எட்டிப் பார்க்காமலே எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நேசன் ஒருநாள் பெரிய காய் இரண்டைச் சின்னக் காய்களுக்குப் பின்னால் வைத்திருந்தபோது அக்கா கையை நீட்டி, அனுமதி கேட்டு, அவற்றை முன்னுக்கு எடுத்து வைத்தார். நேசனுக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா வேண்டுமென்று அவமானப்படுத்தவில்லை. பேருந்துக்குள் ஏறியவனிடம் பயணச்சீட்டுக் கேட்கிற மாதிரித்தான் செய்தார்.

வென்ற ஆட்டுத் தொடைகள் பெரிய வேடிக்கை. வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார். பால்கனியில் தொங்கவிட்டுவிட்டு, கீழ்வீட்டு நோர்வேக் கிழவருக்குக் கொடுப்பார். அவர் அதற்குப் பதிலாகக் குளிர்காலத்தில் அக்காவின் காருக்குச் சில்லு மாற்றிக் கொடுப்பார். அபிராமி இரண்டு துண்டாவது வெட்டித் தாருங்கள் என்று கெஞ்சுவாள். நடக்காது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நாட்டளவில் பெரிய போட்டி ஒன்று வருகிறது, எங்கள் மண்டபத்திலிருந்து ஒருவரை அனுப்பலாம் என்று ஆர்ண அறிவித்தார். டிசம்பர் ஆட்டத்தில் வெல்கிறவர் போவார். எனக்கு அந்தப் பயணம் வேண்டியிருந்தது. இந்த நாட்டில் முப்பது வருடமாகப் பொதி பிரித்தவனை ஒரு நாளாவது ஒரு பெரிய மண்டபத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இருத்துவார்கள் என்ற ஆசை. பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிவிட்டேன்.

கடைசியில் மூன்று பேர் மிஞ்சினோம்: ஆர்ண, நிர்மலா அக்கா, நான். என்னிடம் மிகக் குறைவு. அக்காவிடம் என்னைவிட ஐந்து மடங்கு. அந்த ஆட்டத்தில் கட்டாயமாகச் சிப் வைக்கிற முறை எனக்கு. ஆர்ண சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கினார். மிச்சம் அக்கா ஒருவர்தான். அவரும் ஒதுங்கினால் நான் பிழைப்பேன், இன்னும் இரண்டு சுற்று மூச்சு விடலாம். மோதினால் நான் முழுவதையும் வைக்க வேண்டும்.

நான் வலது காதைத் தொட்டேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது, யோசிக்காமல் செய்தேன் என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. ஒரே மேசையில் இரண்டு பேர் சேர்ந்து விளையாடுவது போக்கரில் களவு. அது எனக்கு நன்றாகத் தெரியும். அக்கா என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு தன் அடுக்கில் என்னிடம் இருந்த அளவுக்குச் சிப்பை எண்ணி எடுத்து, நிதானமாக நடுமேசைக்குத் தள்ளினார். என் கையில் ஆசும் ஏழும் இருந்தது. போகட்டும் என்று நானும் முழுவதையும் வைத்தேன். அவர் தன் சீட்டைத் திருப்பினார். ஜாக்கும் ஒன்பதும். நடுவில் விழுந்த சீட்டுகளில் ஓர் ஒன்பது வந்து அவருக்குச் சோடி சேர்ந்தது, எனக்கு ஒன்றும் வரவில்லை. நான் எழும்பினேன். அதற்குப் பிறகு ஒன்றேகால் மணித்தியாலம் ஆர்ணவோடு மல்லுக்கட்டி அக்காவும் தோற்றார். போட்டிக்கு ஆர்ண போனார்.

நான் செய்த வேலையை இனித்தான் சொல்லப் போகிறேன். அடுத்த வாரம் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், பத்துப் பதினைந்து பேர் இருக்கும்போது, நிர்மலா அக்கா தமிழனை வெளியேற்றிவிட்டு இடத்தை வெள்ளைக்காரனுக்குக் கொடுத்துவிட்டா என்று சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. காட்டிக்கொடுத்தவா என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சொல்லைப் போரிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் இலேசில் பாவிப்பதில்லை, பாவித்தால் அது இலேசில் போகாது. ஒரு மாதத்தில் அது நகரின் மறுகோடியில் இருக்கிற ஹொல்ம்லியா வரை போய்விட்டது. போக்கர் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள், நிர்மலா ஏதோ தமிழரை விற்றுவிட்டா என்கிற அளவில் கதைத்தார்கள். நேசனும் மற்ற இருவரும் அவருக்குப் பக்கத்தில் இருக்க மறுத்தார்கள். நான் அவரோடு கதைக்கவில்லை. அந்த வருட விளையாட்டுப் போட்டிக்கு, சிற்றுண்டிக் கடைக்கு வேறு ஆட்களைப் போட்டுவிட்டோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அவருக்குச் செய்தி போனது. அத்தனை வருடம் நடத்திய கடை.

அவர் வாயைத் திறந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். என் பெயரைச் சொல்லி, ரவி காதைத் தொட்டான் என்றால் போதும், முன்னூற்றி நாலு விளையாடிய எவனுக்கும் மிச்சம் விளங்கிவிடும். அவர் திறக்கவில்லை. மாதத்தில் முதல் ஞாயிறு வந்தார், நாற்பது சிப்பை எண்ணி வாங்கினார், இருபது இருபதாக அடுக்கினார்.

இரண்டு வருடம் போனது. ஒரு டிசம்பர் பின்னேரம் டி-பானெ என்கிற சுரங்க ரயில் ஓடாமல் நின்றுவிட்டது. ட்வெய்ட்டாவில் வந்த முதல் பேருந்தில் தொற்றி ஏறினேன். ஓட்டுனர் ஆசனத்தில் நிர்மலா அக்கா. இறங்கவும் முடியாது, பின்னால் சனம் தள்ளுகிறது. கடைசி இருக்கையில் போய் இருந்து நித்திரை மாதிரிக் கண்ணை மூடினேன். உண்மையிலேயே நித்திரையாகிவிட்டேன் போலிருக்கிறது. கண் திறந்தபோது பேருந்து கடைசித் தரிப்பிடத்தில் நிற்கிறது, வெளியே இருட்டிவிட்டது, உள்ளே நான் ஒருவன்தான். அக்கா சுடுதண்ணீர்ப் போத்தலோடு வந்து எதிர் இருக்கையில் இருந்தார். மூடியில் தேத்தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். எட்டு நிமிடம் ஓய்வு இருக்கிறது என்றார்.

நான் தேத்தண்ணீரை வாங்கினேன். மன்னிப்பு என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. அவர்தான் தொடங்கினார்.

"நீர் காதைத் தொட்டதை நான் கண்டனான், ரவி. காணாத மாதிரி அண்டைக்கு விட்டிருந்தா, பிறகு நீர் வெண்டாலும் தோத்தாலும் உம்மோட ஒரு மேசையில என்னால இருந்திருக்கேலாது."

ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் ஜன்னல் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா ஆர்ண உம்மை வெளியில விட்டிருப்பார். எனக்கு அங்கை பின்மார்க் கதை கதைக்க வேற ஆர் இருக்கினம்?"

நான் அழுதேன். ஐம்பத்தைந்து வயது மனிதன் வெற்றுப் பேருந்தில் விம்மி விம்மி அழுதேன். எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "நீரா சொல்லுற நேரம் சொல்லும்" என்று மட்டும் சொன்னார். எட்டு நிமிடம் முடிந்தது. மூடியை வாங்கி உதறிவிட்டுப் போய் வண்டியைக் கிளப்பினார்.

அதன் பிறகு பழையபடி ஒன்றாக இருந்து விளையாடினோம். அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. நேசன் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். வருடப்பிறப்பு போகட்டும், மகளின் கலியாணம் முடியட்டும், நேசன் நல்ல மனநிலையில் இருக்கட்டும். சாட்டுக்கா பஞ்சம். சிற்றுண்டிக் கடைக்கு அவரை மறுபடி கூப்பிடவே இல்லை. போட்டி நாளில் அவர் பார்வையாளர் பக்கத்தில் குடையோடு இருந்து மற்றப் பெண்களின் பிள்ளைகளுக்குக் கை தட்டியதை நான் கண்டேன். கண்டும் சொல்லவில்லை. நாலு வருடம்.

அவர் போன பிறகு வந்த முதல் ஞாயிறு, ஆட்டத்தை நிறுத்தலாமா என்று ஆர்ணவிடம் கேட்டோம். நிறுத்த வேண்டாம், அவருக்கும் இடம் போடுவோம் என்றார் அவர். போக்கர் போட்டிகளில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. பெயர் கொடுத்தவர் வராவிட்டாலும் அவருடைய சிப் மேசையில் இருக்கும், சீட்டுப் போடுவார்கள், அவர் முறை வரும்போது கட்டாயச் சிப்பை எடுத்து வைப்பார்கள். கரைந்து தீரும் வரை அவர் ஆட்டத்தில் இருக்கிறார். அக்கா அந்த மாதத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

அபிராமியும் வந்திருந்தாள். அவளே நாற்பது சிப்பை எண்ணி இரண்டு அடுக்காக வைத்தாள். குலுக்கலில் அக்காவின் இடம் எனக்கு இடப்பக்கம் விழுந்தது.

பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. அக்கா கட்டாயமாகச் சிப் வைக்கிற முறை வரும்போதெல்லாம் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் ஒதுங்கினார்கள். நோர்வேக்காரர்களும்தான். செத்தவருடைய சிப்பைப் பறிக்க யாருக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் ஒதுங்கினால் நடுவில் இருப்பது அவருக்கே போகும். நாற்பது நாற்பத்தொன்றானது, நாற்பத்து மூன்றானது. ஒரு மணித்தியாலத்தில் நாற்பத்தேழு. நிர்மலா அக்கா இல்லாமலே சிப் சேர்க்கிறார் என்று யாரோ சொல்ல, அபிராமிகூடச் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்நாள் முழுக்க ஒருவரும் விட்டுக்கொடுக்காமல் சேர்த்த மனுசிக்கு இது என்ன மரியாதை?

அடுத்த முறை அவருடைய சிப் மேசையில் இருந்தபோது எல்லோரும் ஒதுங்கி, என் முறை வந்தது. என் கையில் பத்தும் நாலும், ஒன்றுக்கும் உதவாத சீட்டு. அக்கா செய்கிற மாதிரியே மெதுவாகச் சிப்பை முன்னுக்குத் தள்ளினேன்.

நேசன் என்னைப் பார்த்தான்.

"டேய் ரவி, இண்டைக்காவது விடடா."

"விடேலாது" என்றேன். "நேசன், அண்டைக்கு டிசம்பர் ஆட்டத்தில நான் காதைத் தொட்டனான். எனக்கு விடச் சொல்லி. அதுக்குத்தான் அக்கா என்னை வெளியேத்தினவா. அவா காட்டிக்கொடுக்கேல்லை. என்னை ஒருத்தருக்கும் காட்டிக்கொடுக்காமலே செத்தும் போனா."

தமிழில் சொன்னதை நோர்வே மொழியிலும் சொன்னேன், ஆர்ணவுக்காக. அவர் சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார். தானும் அன்றைக்கு என் கையைக் கண்டதாகச் சொன்னார். என்ன அர்த்தம் என்று அப்போது தெரியாதாம், ஆனால் ஏதோ சைகை என்று விளங்கியதாம். நிர்மலா ஒதுங்கியிருந்தால் இரண்டு பேரையும் எழுப்பி அனுப்பியிருப்பேன் என்றார். பிறகு நடுவில் இருந்த அக்காவின் கட்டாயச் சிப்பை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

அபிராமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்துக் கதை தெரியும், தாய் குடையோடு இருந்தது தெரியும், ஏன் என்று மட்டும் தெரியாது. நான் எழும்பி அவள் முன்னால் நின்றேன். அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. "போய் இருங்கோ மாமா, ஆட்டம் நிக்குது" என்றாள். பின்னேரம் போகும்போதுதான், இதையும் மலரில் எழுதுங்கோ என்றாள். எழுதிவிட்டேன்.

மறுபடி அக்காவின் முறை வந்தபோது, எவரும் எதிர்பார்க்கவில்லை, நேசன் சிப்பை முன்னுக்குத் தள்ளினான். கண் கலங்கியிருந்தான், ஆனால் தள்ளினான். அதற்குப் பிறகு எல்லோரும் சரியாக விளையாடினார்கள். நாற்பத்தேழு முப்பதானது. முப்பது பதினைந்தானது. கட்டாயத் தொகை கூடக் கூட அடுக்கு வேகமாகக் கரைந்தது. கடைசியில் ஒரு சிப் மிஞ்சியது, அதையும் ஆர்ண எடுத்து நடுவில் வைத்தார். அது நேசனுக்குப் போனது. அவன் அதைத் தன் அடுக்கின் முன்வரிசையில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தான். ஆர்ண எழும்பினார். நாங்களும் எழும்பினோம். வெளியேறுகிறவருக்கு மேசையில் எல்லோரும் கை கொடுப்பது வழக்கம். கொடுக்கக் கை இல்லாததால் நாற்காலியின் முதுகைத் தொட்டுவிட்டு ஒவ்வொருவராக இருந்தோம்.

போய் வாருங்கள், நிர்மலா அக்கா. அன்றைக்கு நாங்கள் உங்களுக்கு ஒரு சிப்பையும் விட்டுக்கொடுக்கவில்லை.